பாசி வில்லை வாங்கும்முன் ஒரு தம்ளர் தண்ணீர்

மீன் தொட்டிக் கடைகளில் பாசி வில்லை என்று விற்கும் மீன் தீனியில் பாசி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பாக்கெட்டின் முன்பக்கம் சொல்லாது. முன்பக்கம் முழுக்கப் பச்சை. நடுவில், கண்ணாடியில் ஒட்டிப் பாசி சுரண்டும் சக்கர் மீனின் படம். விவரமெல்லாம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் ஒளிந்திருக்கிறது. அந்தப் பின்பக்கத்தைப் படித்து, நான்கு வகை வில்லைகளை வாங்கி வந்து, தம்ளரிலும் வாளியிலும் கடைசியாகத் தொட்டியிலும் போட்டுப் பார்த்த விவரம்தான் இது. வேலூர்த் தண்ணீரிலும் வேலூர் வெயிலிலும் செய்து பார்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எந்த வில்லை என்று முடிவு செய்ததில் மீனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, தண்ணீருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

தொட்டி சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மணலும் கல்லும் மரக்கட்டையும் போக ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடியில் பிரிசில்நோஸ் என்னும் சிறிய வகைச் சக்கர்கள் இரண்டு, ஒன்று ஆண், ஒன்று பெண். ஆணுக்கு மூக்கின்மேல் கிளை கிளையாக மீசை. பெண்ணுக்கு உதட்டோரம் மட்டும் குட்டையாகச் சில முளைகள். கூடவே கோரிடோரஸ் கெளுத்திகள் ஒரு சிறு கூட்டம், கண்ணாடியில் ஒட்டித் திரியும் நத்தைகள், மேலே மோலிகள். மோலிகளை ஆசைப்பட்டு வாங்கவில்லை. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் முகம் சுளிக்காமல் வாழும் மீன் அது. உப்புகள் மிகுந்த கடினமான தண்ணீர்தான் அதற்குப் பிடிக்கும்.

சக்கர் வாங்கிய அன்று கடைக்காரரிடம் கேட்டேன்: "இதற்கு என்ன தீனி போடுவது, அண்ணா?"

"இதற்குத் தனியாக எதற்குத் தீனி, தம்பி? மற்ற மீன்கள் போடும் கழிவைத் தின்றே வளர்ந்துவிடும். இது டேங்க் கிளீனர்" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. சென்னையில் கொளத்தூர் மீன் சந்தைக்குப் போனாலும் பல கடைகளில் இதே பதில்தான். கழிவைத் தின்று உயிர் வாழும் மீன் எந்தத் தொட்டியிலும் கிடையாது. கண்ணாடியில் படிந்த பாசியைச் சக்கர் சுரண்டும், உண்மைதான். ஆனால் மூன்றடித் தொட்டியில் வளரும் பாசி இரண்டு மீன்களுக்குச் சில நாள் சாப்பாடு. அதற்குப் பிறகு பட்டினி. சக்கர் பட்டினியை நெடுநாள் தாங்கும். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி, அது முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிற்றைப் பார்ப்பது. நன்றாகத் தின்னும் மீனின் வயிறு தட்டையாகவோ சற்றே உப்பலாகவோ இருக்கும். பட்டினி மீனின் வயிறு இரண்டு பக்கத் துடுப்புகளுக்கும் இடையே குழிந்து உள்வாங்கியிருக்கும். கண்ணும் உள்ளே போயிருந்தால் நிலைமை மோசம். கடையிலேயே இதைப் பார்த்து வாங்குவது நல்லது. பல நாள் பயணத்தில் வந்த மீன்களில் குழிவயிறு நிறைய உண்டு.

வயிற்றைப் பார்க்கும்போதே வாயையும் பார்த்துவிடுங்கள். வட்டமான உதடு கண்ணாடியில் முத்திரை குத்தியதுபோல் பதிந்திருக்கும். அதற்குள் மேலும் கீழுமாக நுண்ணிய பல் வரிசைகள், சீப்புப் பல் போன்றவை, விடாமல் முன்னும் பின்னும் அரைத்துக்கொண்டே இருக்கும். இந்த வாய் கடிக்கும் வாய் அல்ல. விழுங்கும் வாயும் அல்ல. சுரண்டும் வாய். எனவே சக்கருக்குப் போடும் வில்லை இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். போட்ட உடனே அடிக்குப் போக வேண்டும். போனபின் மணிக்கணக்கில் கட்டுக்குலையாமல் கிடந்து, மேல்புறம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பொடிந்துபோனால் சக்கரால் அதைப் பொறுக்க முடியாது. மணல் இடுக்கில் போய்ச் சேரும் அந்தப் பொடியின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கோரிடோரஸ் விஷயம் வேறு. அதுவும் அடிமட்ட மீன்தான், ஆனால் பாசி தின்னும் மீன் அல்ல. மணலில் மீசையை விட்டுத் துழாவிப் புழுவும் பூச்சியும் தேடும் இனம். பாசி வில்லையை மட்டும் போட்டுக் கோரிடோரஸ் வளர்ப்பவர்கள் உண்டு. நாளடைவில் அவை மெலிந்துபோகும். அவற்றுக்குப் புரதம் கூடுதலாக உள்ள மூழ்கும் குருணை தனியாகப் போட வேண்டும். ஆனாலும் சக்கர் அரைத்து விடும் துணுக்குகளைக் கோரிடோரஸ் விடுவதில்லை. வில்லையைச் சுற்றி வட்டமாக நின்று பந்தி நடத்தும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டங்குலக் குட்டியாகக் கடையில் கிடக்கும் சாதாரணச் சக்கர் ஓரடியைத் தாண்டி, ஒன்றரை அடிவரை வளரக்கூடியது. பிரிசில்நோஸ் ஐந்து, ஆறு அங்குலத்தோடு நின்றுவிடும். வளர்ந்த சக்கரை என்ன செய்வதென்று தெரியாமல் ஏரியில் விட்டவர்களால்தான், தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தக் கவசக் கெளுத்தி இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகிக் கிடக்கிறது. வலையைக் கிழிக்கிறது, கரையில் குழி தோண்டி முட்டையிடுகிறது, விலைபோவதும் இல்லை. மூன்றடித் தொட்டி வைத்திருப்பவர் பிரிசில்நோஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி தண்ணீர். ஆறு உண்டு நீர் இல்லை, மலை உண்டு மரம் இல்லை, கோட்டை உண்டு அரசன் இல்லை என்று வேலூரைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணல்தான். 2021 நவம்பரில் கரைபுரண்டதை இன்னும் ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் குடிக்க, ஆழ்குழாய்த் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். தொட்டிக்கும் அதுதான். காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை நீக்காமல் ஊற்ற முடியாது. தவிர, குடிக்கிற தண்ணீரை மீனுக்கு ஊற்றினால் வீட்டில் பேச்சு வாங்க வேண்டும்.

ஆழ்குழாய்த் தண்ணீரில் ஒரு வேடிக்கை உண்டு. குழாயிலிருந்து பிடித்த உடனே சோதித்தால், தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். எண் 7.3, 7.4 என்று காட்டும். பரவாயில்லையே என்று தோன்றும். அதையே வாளியில் பிடித்து, குமிழி விடும் காற்றுக்கல் போட்டு ஓரிரவு விட்டால், காலையில் 8.2. நிலத்தடியில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் உண்மையான எண் தெரிகிறது. மீன் வாழ்வது அந்தக் காலை எண்ணில்தான்.

வில்லைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தின்னாமல் கிடக்கும் தீனி அழுகும்போது அதிலுள்ள புரதம் அம்மோனியாவாகிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மீனை அவ்வளவாக வருத்தாது, மற்றது செவுளைப் பொசுக்கிவிடும். எது எவ்வளவு என்பதை வெப்பமும் பி.எச். அளவும் முடிவு செய்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் நூற்றில் ஏழு பங்குக்கு மேல். 8.3 ஆனால் பதின்மூன்றைத் தாண்டிவிடும். மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் ஒருவர் இரவு போட்ட வில்லையை மறுநாள் மாலை எடுத்தாலும் மீன் பிழைத்துக்கொள்ளும். அதே வில்லை, அதே சோம்பல், வேலூர் மே மாதத்தில் 33 டிகிரித் தொட்டியில் நடந்தால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறைகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே கட்டுக்குலையாத வில்லை என்பது எங்கள் ஊரில் மீனின் வசதிக்காக மட்டும் தேடுவது அல்ல.

நான்கு பாக்கெட்டுகளுக்கும் அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்தேன். நிறுவனங்களின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே நிறுவனமே கலவையை அவ்வப்போது மாற்றுகிறது. இன்று நான் சொல்லும் பெயர் அடுத்த வருடம் வேறு பொருளாக இருக்கலாம். அ, உள்நாட்டுத் தயாரிப்பு, பிளாஸ்டிக் டப்பா. ஆ, இ இரண்டும் இறக்குமதி. ஈ, கடையில் பெரிய மூட்டையிலிருந்து எடுத்து எடை போட்டுப் பாலித்தீன் பையில் கட்டித் தந்தது. மேலே ஒரு எழுத்தும் இல்லை.

சேர்மானப் பட்டியல் எடையின் வரிசையில் எழுதப்படுவது வழக்கம். அதிகம் உள்ளது முதலில். முதல் நான்கைந்து பெயர்களைப் படித்தால் வில்லை என்னவென்று தெரிந்துவிடும். அ டப்பாவில் கோதுமை மாவு முதலில், மீன் தூள் அடுத்து, சோயா அதற்கடுத்து. பாசி எங்கே என்று விரலை வைத்துத் தேடிக்கொண்டே போனால், ஸ்பைருலினா என்னும் நுண்பாசி கடைசி வரியில், வைட்டமின்களுக்குச் சற்று முன்னால். ஆ பாக்கெட்டில் மீன் தூள் முதலில், பிறகு கோதுமை மாவு, நான்காவதாகக் கடற்பாசித் தூள். இ பாக்கெட்டில் கடற்பாசித் தூளும் ஸ்பைருலினாவும் முதல் மூன்றுக்குள் இருந்தன. கோதுமையும் மீன் தூளும் பின்னால்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கோதுமை மாவு, கோதுமை முளை, கோதுமைப் பசைப்புரதம் என்று ஒரே தானியத்தை மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் கூட்டினால் அதுதான் முதலிடத்தில் நிற்கும். ஆ பாக்கெட் அந்த வகை. பட்டியலைப் படிக்கும்போது ஒரே குடும்பத்துப் பெயர்களை மனத்துக்குள் கூட்டிக்கொள்வது நல்லது. அதற்காகக் கோதுமையே கூடாது என்பதும் சரியல்ல. மாவுப்பொருள் இல்லாமல் வில்லை ஒட்டி நிற்காது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மீன் தூளைக் கண்டதும் பாக்கெட்டைத் தூர எறிய வேண்டியதும் இல்லை. ஆற்றில் சக்கர் சுரண்டுவது சுத்தமான பாசியை அல்ல. கல்லிலும் கட்டையிலும் படிந்த வழுவழுப்பான படலத்தை. அதில் பாசியோடு நுண்ணுயிர்களும் மிகச் சிறிய பூச்சிகளும் கலந்திருக்கும். எனவே கொஞ்சம் விலங்குப் புரதம் அதற்குப் புதிதல்ல. ஆனால் அதன் குடல் நீளமானது, சுருள் சுருளாக மடிந்தது, நார்ப்பொருளை மெதுவாகச் செரிப்பதற்கு ஏற்றது. மீன் தூளும் கொழுப்பும் மட்டுமே தின்று வளரும் சக்கர் வயிறு ஊதிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

பின்பக்கத்துப் புரத அளவை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நூற்றுக்கு முப்பதுக்குமேல் என்று பல பாக்கெட்டுகளிலும் போட்டிருக்கும். உலர்ந்த ஸ்பைருலினாவில் பாதிக்குமேல் புரதம்தான். மீன் தூளிலும் அப்படியே. எண் ஒன்று, வந்த வழி வேறு. எண்ணைவிட அந்த முதல் நான்கு பெயர்கள் முக்கியம்.

படிப்பு முடிந்தது, தம்ளர்களுக்கு வருகிறேன்.

எவர்சில்வர் தம்ளர் உதவாது, கண்ணாடித் தம்ளர் வேண்டும். நான்கு தம்ளர்கள், நான்கிலும் தொட்டித் தண்ணீர், பின்னால் ஒரு வெள்ளைத் தாள். தொட்டித் தண்ணீரையே எடுக்கக் காரணம் வெப்பம். குடிநீர்ப் பானையின் குளிர்ந்த தண்ணீரில் வில்லை இன்னும் நெடுநேரம் நிற்கும், ஏமாந்துபோவோம். நான்கு வில்லைகளையும் ஒரே நேரத்தில் போட்டேன்.

ஆ, இ, ஈ மூன்றும் நேரே அடிக்குப் போயின. அ மட்டும் மிதந்தது. அதற்குள் காற்றுக் குமிழிகள் சிக்கியிருந்தன. நனைந்து நனைந்து சாய்ந்து, பிறகு மூழ்கியது. மூழ்கும் வில்லை என்று டப்பாவில் எழுதியிருக்கிறது. எப்போது மூழ்கும் என்று எழுதவில்லை. தொட்டியில் இந்த இடைவெளி போதும், மோலிகள் கூட்டமாக வந்து பாதியைத் தின்றுவிடும்.

கால் மணி நேரத்தில் அ, ரசத்தில் ஊறிய வடைபோல் உப்பிவிட்டது. தம்ளரை விரலால் ஒரு தட்டுத் தட்டினேன்; நடுவே பிளந்து நொறுங்கியது. ஈ அதைவிட முன்னதாகவே தண்ணீரைப் பச்சையாக்கிவிட்டது. கொஞ்சநஞ்சம் இல்லை, கிளிப்பச்சை. வில்லையிலிருந்து சாயம் நூல் நூலாகப் பிரிந்து மேலே ஏறுவதை வெள்ளைத் தாளின் முன் தெளிவாகப் பார்க்க முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பின் வில்லையை எடுத்துப் பார்த்தால் அது வெளிறிய மாவு நிறம். பச்சை முழுக்கத் தண்ணீருக்குப் போய்விட்டது. பாசியின் பச்சை இப்படி ஒரேயடியாகக் கழன்று வராது.

ஆ ஒரு மணி நேரம் நன்றாக நின்றது. பிறகு விளிம்பு பஞ்சாகி, இரண்டாவது மணி நேரத்தில் தொட்டால் கரையும் நிலைக்கு வந்தது. இ தான் பிடிவாதம். ஒரு மணி நேரத்தில் மேல்தோல் மட்டும் வழுவழுத்தது. நகத்தால் சுரண்டினால் பசையாக வந்தது, உள்ளே கெட்டியாக இருந்தது. இரவு தூங்கப்போகும்போதும் வட்டம் வட்டமாகவே கிடந்தது. தண்ணீர் லேசாகப் பழுத்த பச்சையில் இருந்தது, ஆனால் பின்னால் இருந்த தாளில் எழுதியதைப் படிக்க முடிந்தது.

காலையில் தம்ளர்களை முகர்ந்து பார்க்கும் வேலையை வீட்டில் வேறு யாரும் செய்ய முன்வரவில்லை. அ புளித்த மாவு வாடை. ஆ கருவாட்டு வாடை. இ ஏரிக்கரை வாடை. ஈ தம்ளரில் எண்ணெய்க் காறல். நாள்பட்ட முறுக்கின் நெடி. மூட்டையில் எத்தனை மாதம் கிடந்ததோ. "இந்தத் தம்ளர்களை இனிமேல் சமையலறைக்குள் கொண்டுவராதே" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். அவை இப்போது தொட்டிக்கே சொந்தம்.

தம்ளரில் அம்மோனியாவை அளப்பது பொருத்தமாக இராது, தண்ணீர் மிகக் குறைவு. எனவே ஈ-யைக் கழித்துவிட்டு மற்ற மூன்றையும் ஆளுக்கொரு வாளியில், ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீரில் போட்டேன். வடிகட்டி இல்லை, மீன் இல்லை, காற்றுக்கல் மட்டும். மறுநாள் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் அளந்தேன். அம்மோனியா இல்லாவிட்டால் குழாய் மஞ்சளாக இருக்கும், ஏற ஏறப் பச்சையாகும். நான் எதிர்பார்த்தது, அதிகமாகக் கலங்கிய வாளிதான் அதிகப் பச்சை காட்டும் என்று. அப்படி இல்லை. அ வாளி மோர் விட்டதுபோல் கலங்கியிருந்தது, ஆனால் சோதனைக் குழாயில் மஞ்சளோடு சிறு பச்சைதான். ஆ வாளி பார்வைக்குத் தெளிவு, குழாயில் கரும்பச்சை. கோதுமை மாவின் மாவுச்சத்தைத் தின்று பாக்டீரியா பெருகுவதால் வரும் கலங்கல் கண்ணுக்குத் தெரிகிறது. மீன் தூளின் புரதம் அழுகி வரும் அம்மோனியா கண்ணுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் பளிச்சென்று இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவரின் மீன்தான் முதலில் போகும். இ வாளியில் இரண்டும் உண்டு, இரண்டும் குறைவு. வில்லையில் பாதிக்குமேல் கரையாமல் கிடந்ததுதான் காரணம். இன்னொரு நாள் விட்டிருந்தால் அதுவும் ஏறியிருக்கும். நல்ல வில்லை என்றால் அழுகாது என்பதில்லை, எடுத்து வெளியே போட நமக்கு அவகாசம் தரும் என்பதுதான்.

தொட்டியில் ஆ-வையும் இ-யையும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பகலில் போட்டால் மோலிகளின் திருவிழா. எனவே விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்துப் போட்டு, கைப்பேசி வெளிச்சத்தின்மேல் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு பார்த்தேன். முதலில் வருவது நத்தை. எங்கிருந்து மோப்பம் பிடிக்கிறதோ தெரியாது. பிறகு கோரிடோரஸ். ஆண் சக்கர் கட்டைக்கடியிலிருந்து மெதுவாக வந்து வில்லையின்மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொள்ளும். படுத்தபின் அது அவனுடைய சொத்து. பெண் பக்கத்தில் வந்தால் வாலால் ஓர் அடி. அதனால் ஒன்றை இரண்டாக ஒடித்து இரண்டு இடத்தில் போடுவதே சரி என்று கண்டேன்.

ஆ-வை அரைக்கும்போது வாயோரத்திலிருந்து தூள் புகைபோல் கிளம்பியது. பாதி மணலுக்குப் போனது. இ-யை அரைக்கும்போது தூள் குறைவு. வில்லையைக் காலையில் எடுத்துப் பார்த்தால் மேல்புறத்தில் மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக, பல் பட்ட தடங்கள். கழிவிலும் வித்தியாசம் இருந்தது. இ போட்ட வாரங்களில் நீளமான பச்சைக் கயிறு. ஆ போட்ட வாரங்களில் பழுப்பு, இடையிடையே வெளிறியது. சக்கரின் கழிவைப் பார்த்து அது என்ன தின்றது என்று சொல்லிவிடலாம். கட்டையை அதிகம் சுரண்டிய நாளில் மரத்தூள் நிறம் வரும்.

மணலில் தூள் சேராமல் இருக்க நான் பயன்படுத்துவது கார்த்திகைக்கு விற்கும் அகல் விளக்கு. எண்ணெய் படாத புதியது, பெரிய அளவு, மெருகு பூசாத வெறும் மண். காட்பாடி பக்கம் கரிகிரியில் செய்யும் மெருகு பூசிய பாத்திரங்கள் அழகுதான், ஆனால் மெருகில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத எதையும் தொட்டியில் இறக்க நான் தயாரில்லை. அகலை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டுக் கட்டையின் அடியில் வைத்தேன். வில்லை அதற்குள் விழ வேண்டும் என்பதற்காக ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து அதன் வழியே போடுகிறேன். காலையில் மிச்சத்தோடு அகலையே தூக்கிவிடலாம். குழாய் வைத்து உறிஞ்சும் வேலை பாதியாகக் குறைந்தது.

வில்லை மட்டுமே தீனி அல்ல. வாரத்தில் ஓரிரு நாள் காய்கறி. வெள்ளரி, சுரைக்காய், பீர்க்கங்காய் மூன்றும் நன்றாகப் போகின்றன. ஒரு துண்டை வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, பழைய எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்கினால் மூழ்கும். பூச்சிமருந்து பயம் இருப்பதால் தோல் சீவியே போடுகிறேன். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயை மட்டும் மீனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், அது மனிதர் வயிற்றுக்கே இருக்கட்டும்.

வீட்டிலேயே வில்லை செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், ஆனால் அது வில்லையாக இராது, அல்வாத் துண்டாக இருக்கும். வேகவைத்த பட்டாணி, ஸ்பைருலினாத் தூள், கொஞ்சம் கீரை எல்லாவற்றையும் அரைத்து, ஜெல்லியாக உறையவைத்து வெட்டிக்கொள்வது. வெளிநாட்டுக் குறிப்புகள் பலவற்றில் உறையவைக்க ஜெலட்டின் சேர்க்கச் சொல்வார்கள். ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பித்துவிடும்; எங்கள் ஊர்த் தொட்டியில் கோடையில் போட்டால் கண் முன்னாலேயே கரைந்து சூப்பாகும். மளிகைக் கடையில் இனிப்புக்கு வாங்கும் கடற்பாசி, அதாவது அகர் அகர், கொதிநிலையை நெருங்கினால்தான் உருகும். அதில் செய்தால் வேலூர் மே மாதத்திலும் துண்டு துண்டாகவே நிற்கும். பிரீசரில் வைத்து ஒரு மாதம் பயன்படுத்தலாம். நல்ல தீனி, ஆனால் மாதாமாதம் செய்யப் பொறுமை வேண்டும். எனக்கு அது விடுமுறைக்கால வேலை.

தொட்டியில் இறால் வளர்ப்பவர்கள், வில்லையின் சேர்மானப் பட்டியலில் தாமிர சல்பேட் என்று பார்த்துப் பதறுகிறார்கள். தீனியில் அது தாது உப்பாக மிகச் சிறிய அளவில் சேர்ப்பது; இறாலைக் கொல்வது தொட்டியில் ஊற்றும் தாமிரம் கலந்த மருந்துகள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விலையைப் பார்க்கும்போது டப்பாவின் விலையைப் பார்க்காமல் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சிறிய இறக்குமதிப் பாக்கெட் கண்ணைக் கரிக்கும் விலைதான். ஆனால் அ-வில் இரண்டு வில்லை போட்டு ஒன்றரையை வாரி வெளியே கொட்டுவதையும், இ-யில் ஒன்று போட்டு ஒரு துணுக்கை எடுப்பதையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. பெரிய பாக்கெட் மலிவு என்று வாங்குவது எங்கள் வெயிலில் லாபம் இல்லை. திறந்த பாக்கெட்டில் கொழுப்பு காறிவிடும், வைட்டமின் சி வேகமாகப் போய்விடும். இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவே போதும். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். இறக்குமதிப் பாக்கெட்டில் விலை ஸ்டிக்கரைச் சரியாக அந்தத் தேதியின்மேல் ஒட்டும் கலை பல கடைகளில் உண்டு, மெதுவாக உரித்துப் பார்க்கலாம்.

நான் வாங்குவது இ. கடையில் அது இல்லாத மாதத்தில் ஆ, ஆனால் பாதி அளவில், கூடவே காய்கறி அதிகமாக. பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் வைத்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து வெளியே வைத்துக்கொள்கிறேன். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால் உள்ளே வியர்த்து வில்லை பூஞ்சை பிடிக்கும். வெளியே எடுத்து அரை மணி நேரம் கழித்துத் திறப்பது வழக்கமாகிவிட்டது.

அளவு, ஒரு ரூபாய் நாணயம் அகலமுள்ள வில்லை ஒன்று, இரண்டாக ஒடித்து, இரவில் இரண்டு சக்கர்களுக்கு. வாரத்தில் ஒரு நாள் ஒன்றும் இல்லை. ஏப்ரலில் தொட்டி 31 டிகிரியைத் தொட்டதும் அதையும் பாதியாக்கிவிடுகிறேன். மின்சாரம் போனால் காற்றுக்கல் நிற்கும் ஊரில், இரவு முழுக்கத் தீனி ஊறிக்கிடப்பது ஆபத்து. ஆடி கழிந்து மாலை மழை பிடித்து, தண்ணீர் 28க்கு இறங்கியதும் மறுபடி முழு வில்லை.